அந்தக் கோடு எதைச் சொல்கிறது?

உயிரியல் ஆய்வுக் கட்டுரைகளில் ஒரு வகைப் படம் அடிக்கடி வரும். நூற்றுக்கணக்கான, சில சமயம் ஆயிரக்கணக்கான புள்ளிகள்; அவற்றுக்கு நடுவே இங்குமங்குமாக ஓடும் கோடுகள். மொத்தத்தில் சீப்பிலிருந்து உருவி எடுத்த சிக்கு முடி மாதிரி இருக்கும். அந்தத் துறைக்காரர்களே அதை முடிப்பந்து என்றுதான் கேலி செய்கிறார்கள். கீழே 'புரத வலைப்பின்னல்' என்றோ 'மரபணு வலைப்பின்னல்' என்றோ ஒரு வரி இருக்கும். அடேயப்பா, எவ்வளவு சிக்கல் என்று தோன்றும், அதற்கு மேல் ஒன்றும் புரியாது. எனக்கும் ரொம்ப நாள் அப்படித்தான் இருந்தது. பிறகு ஒரு சின்னக் கேள்வியைக் கேட்கப் பழகிக்கொண்டேன், அப்போதிலிருந்து இந்தப் படங்கள் கொஞ்சம் கொஞ்சமாக வழிக்கு வந்தன. கேள்வி இதுதான்: இந்தப் படத்தில் கோடு என்றால் என்ன?

புள்ளி எது என்பதில் பெரிய குழப்பம் இல்லை. புரதமோ மரபணுவோ நரம்பணுவோ, கீழே எழுதியிருப்பார்கள். கோடுதான் ஏமாற்றும். ஒரு படத்தில் அது நிஜமான கயிறு. இன்னொன்றில் 'இது அதை அடக்கும்' என்று பொருள். வேறொன்றில் 'ஒருமுறை ஒரு சோதனையில் இவை இரண்டும் ஒட்டிக்கொண்டன' என்பதற்கு மேல் எதுவும் இல்லை. காகிதத்தில் எல்லாமே ஒரே மாதிரி, அதே மெல்லிய கறுப்புக் கோடு.

புரதங்களின் வரைபடத்தையே எடுத்துக்கொள்வோம். அவற்றில் பல கோடுகள் 1989-இல் ஸ்டான்லி ஃபீல்ட்ஸும் ஓக்-கியூ சாங்கும் கண்டுபிடித்த ஒரு தந்திரத்தில் பிறந்தவை. ஈஸ்ட் செல்லில் ஒரு மரபணுவை ஓடவிடும் புரதம் ஒன்று இருக்கிறது. அதற்கு இரண்டு பாகம்: ஒன்று டிஎன்ஏவைப் பிடித்துக்கொள்ளும், மற்றது மரபணுவைத் தூண்டும். இரண்டையும் வெட்டிப் பிரித்துவிட்டால் மரபணு ஓடாது. இப்போது ஒரு பாகத்தோடு 'அ' என்ற புரதத்தையும் மற்ற பாகத்தோடு 'ஆ' என்ற புரதத்தையும் ஒட்டிவிடுகிறார்கள். அ-வும் ஆ-வும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் சுபாவம் உள்ளவை என்றால், பிரிந்த பாகங்கள் மறுபடி பக்கத்தில் வந்து சேரும், மரபணு ஓடும், செல் நிறம் மாறும். உடனே அ-வுக்கும் ஆ-வுக்கும் ஒரு கோடு போட்டுவிடலாம். அழகான யோசனைதான். ஆனால் அந்த இரண்டு புரதங்களும் இயல்பான செல்லில் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் இருக்குமா என்று இந்தச் சோதனை கேட்பதே இல்லை. ஊரின் இரு கோடிகளில் வசிப்பவர்களை ஒரே அறையில் பூட்டிவைத்துவிட்டு, இவர்கள் பேசிக்கொள்கிறார்கள் என்று குறித்துக்கொள்வது போலத்தான். 2000-இலும் 2001-இலும் ஈஸ்டின் எல்லாப் புரதங்களுக்கும் இப்படி இரண்டு வரைபடங்கள் வந்தன. ஒரே உயிரி, ஏறக்குறைய ஒரே முறை. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தபோது பொதுவாக இருந்த கோடுகள் மிகச் சொற்பம்.

சரி, நிஜமாகவே கையால் தொடக்கூடிய கோடுகள் இருக்கும் இடத்திலிருந்து தொடங்கலாம். கைதான் ரொம்பச் சிறியதாக இருக்க வேண்டும்.

பள்ளிப் புத்தகப் படத்தைப் பார்த்தால் செல் என்பது நீர் நிரம்பிய பை, உள்ளே சில உறுப்புகள் மிதக்கின்றன என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் உள்ளே கயிறுகளால் ஆன ஒரு சாரமே கட்டப்பட்டிருக்கிறது. ஏறத்தாழ 7 நானோமீட்டர் தடிமனுள்ள ஆக்டின் இழைகள், 10 நானோமீட்டர் அளவிலான இடைநிலை இழைகள், 25 நானோமீட்டர் அகலமுள்ள நுண்குழல்கள் என்று மூன்று வகை. தலைமுடி சுமார் 80,000 நானோமீட்டர் தடிமன் என்று வைத்துக்கொண்டால், நுண்குழல்களை வரிசையாக அடுக்கினால் ஒரு முடியின் குறுக்கே 3,000-க்கும் மேல் நிற்கும். செல்லின் வடிவம், அது நகர்வது, இரண்டாகப் பிளப்பது எல்லாம் இந்தக் கயிறுகளின் வேலை.

இந்தச் சாரம் ஒருமுறை கட்டி முடித்த சாரம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு நுண்குழலை நுண்ணோக்கியில் பார்த்தால் அது சீராக நீண்டுகொண்டே போகும். திடீரென்று, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், நுனியிலிருந்து உரிந்து சரசரவென்று சுருங்கிவிடும். சற்று நேரத்தில் மறுபடி வளரும். 1984-இல் டிம் மிட்சிசனும் மார்க் கிர்ஷ்னரும் இதை விவரித்தார்கள். குழலின் நுனியில் புதிதாகச் சேர்ந்த துண்டுகள் ஒரு தொப்பி மாதிரி அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. தொப்பி கழன்றால் குழல் பிரிந்துவிடும். எதற்கு இந்த வீண் வேலை, கட்டுவதும் இடிப்பதும்? செல் பிளக்கும் நேரத்தில் இதன் அர்த்தம் தெரியும். குரோமோசோம் எங்கே கிடக்கிறது என்று குழலுக்குத் தெரியாது. எல்லாத் திசையிலும் கையை நீட்டித் துழாவுகிறது. எதிலாவது பட்டால் நிலைத்துவிடுகிறது, படாவிட்டால் இடிந்து விழுந்து வேறு திசையில் முயல்கிறது. வரைபடம் எதுவும் இல்லாமலேயே சரியான இணைப்புகள் மட்டும் மிஞ்சிவிடுகின்றன. உயிரியலில் எனக்கு மிகப் பிடித்த தந்திரங்களில் இது ஒன்று, இதே போக்கை நரம்பு வளர்ச்சியிலும் பார்க்கலாம்: நிறைய இணைப்புகளைப் போட்டுவிட்டுப் பயன்படாததைக் களைவது.

அதே குழல்கள்தான் தண்டவாளமும். கைனசின் என்ற புரதம் இரண்டு கால்களை வைத்துக்கொண்டு நுண்குழல்மேல் நடந்து போகும், முதுகில் அதைவிடப் பல மடங்கு பெரிய ஒரு பொதி. ஒவ்வொரு எட்டும் 8 நானோமீட்டர். ஒவ்வொரு எட்டுக்கும் செல்லின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறு ஒன்று செலவு. நொடிக்கு நூறு எட்டு வரை வைக்கும். ஒரு சாதாரண செல்லில் இந்த வேகம் தாராளம். ஆனால் முதுகுத்தண்டிலிருந்து பாதம் வரை போகும் நரம்பணுவை யோசித்துப் பாருங்கள். ஒரே செல், நீளம் ஏறத்தாழ ஒரு மீட்டர். பெரும்பாலான புரதங்கள் தயாராகும் செல் உடல் முதுகுப் பக்கம் இருக்கிறது, சரக்கு தேவைப்படுவதோ கால்விரலில். வேகமான வண்டியே நாளைக்கு 40 செ.மீ. அளவுதான் போகும். சாரத்துக்கான கட்டுமானப் புரதங்கள் நாளைக்குச் சில மில்லிமீட்டர் என்று ஊர்ந்து போகின்றன, அதாவது கால்விரல் போய்ச் சேர மாதக்கணக்கில் ஆகும்.

இதனால்தான் பாக்லிடாக்சல் என்ற புற்றுநோய் மருந்தின் பக்கவிளைவு அப்படி ஒரு வடிவத்தில் வருகிறது. பசிபிக் யூ மரப்பட்டையில் கிடைத்த இந்த மருந்து நுண்குழல்களை இடிய விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. துழாவ முடியாத குழலால் குரோமோசோம்களைச் சரியாகப் பிரிக்க முடியாது, புற்றுச் செல் பிளக்க முடியாமல் நின்றுவிடுகிறது. நல்லதுதான். ஆனால் பிளக்கவே செய்யாத நரம்பணுவுக்கும் அதே குழல்கள்தான் தண்டவாளம். மருந்து எடுத்துக்கொள்கிறவர்களுக்கு மரத்துப்போகிற உணர்வு முதலில் கால்விரல், கைவிரல் நுனிகளில் வரும், அப்புறம் மேலே ஏறும். நீளமான தண்டவாளம் உள்ள இடம்தான் முதலில் அடிபடுகிறது. செல்லின் சாரம் தனி, நரம்பு மண்டலம் தனி என்று பாடப் புத்தகத்தில் இரண்டு அத்தியாயமாகப் பிரித்து வைத்திருக்கிறோம். உடலுக்கு அந்த அத்தியாயப் பிரிவெல்லாம் தெரியாது.

கயிறு மாதிரியே குழாயும் தொடக்கூடிய கோடுதான். இலை நரம்பு, இரத்தக்குழாய் எல்லாம் அந்த வகை. ஃபிசாரம் என்ற மஞ்சள் நிறச் சளிப்பூஞ்சை ஒன்று உண்டு, மூளையோ நரம்போ இல்லாத ஒற்றைப் பெருஞ்செல். 2010-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் டோக்கியோவைச் சுற்றியுள்ள நகரங்களின் இடங்களில் ஓட்ஸ் துகள்களை வைத்து இதை விட்டுப் பார்த்தபோது, அது பின்னிய குழாய் வலை அந்தப் பகுதியின் ரயில் பாதைக்குக் கிட்டத்தட்ட ஈடாக இருந்தது. இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. நீரோட்டம் அதிகமுள்ள குழாய் தடிக்கிறது, ஓட்டம் குறைந்தது மெலிந்து மறைகிறது, அவ்வளவுதான் விதி. இந்தச் செய்தியை 'பூஞ்சை பொறியாளர்களைத் தோற்கடித்தது' என்ற தலைப்பில் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் வரும். கோடு தானே தன் தடிமனைத் திருத்திக்கொள்கிறது என்ற நிஜமான வியப்பு அந்தத் தலைப்புக்குள் காணாமல் போய்விடுகிறது.

மரபணுக்களுக்கு வந்தால் தொடக்கூடிய கோடு எதுவுமே இல்லை. இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள்.

பழைய உதாரணம்தான், ஆனால் இதைவிடத் தெளிவானது கிடையாது. நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா குளுக்கோஸ் கிடைத்தால் அதைத்தான் முதலில் சாப்பிடும். பாலில் உள்ள லாக்டோஸ் என்ற சர்க்கரையை உடைக்கத் தனி நொதி வேண்டும். அந்த நொதியை லாக்டோஸ் இல்லாதபோது தயாரிப்பது வீண். 1961-இல் பிரான்சுவா ஜேக்கபும் ஜாக் மோனோவும் இது எப்படி நடக்கிறது என்று சொன்னார்கள். 1965-இல் ஆந்த்ரே லுவாஃபோடு சேர்ந்து நோபல் பரிசும் வாங்கினார்கள். ஒரு அடக்கிப் புரதம், அந்த நொதிக்கான மரபணுவின் முன்வாசலில் டிஎன்ஏமேல் உட்கார்ந்துகொண்டு வழியை மறிக்கிறது. லாக்டோஸ் செல்லுக்குள் வந்தால் அதிலிருந்து பிறக்கும் ஒரு மூலக்கூறு அடக்கியில் ஒட்டிக்கொள்கிறது, அடக்கியின் பிடி தளர்கிறது, வழி திறக்கிறது. அப்போதும் குளுக்கோஸ் தீர்ந்துபோயிருந்தால்தான் மரபணு முழு வேகத்தில் ஓடும், அதைக் கவனிக்க இன்னொரு புரதம் இருக்கிறது. ஆக, 'லாக்டோஸ் இருக்கிறது, கூடவே குளுக்கோஸ் இல்லை' என்ற இரட்டை நிபந்தனை. மின்னணுச் சுற்று படித்தவர்களுக்கு இது பழக்கமான முகம்.

பாடத்தில் இதை வரையும்போது அடக்கியிலிருந்து மரபணுவுக்கு ஒரு கோடு போட்டு, முனையில் அம்புக்குப் பதிலாகத் தட்டையான ஒரு குறுக்குக் கோடு வைப்பார்கள். அதைப் பார்த்துவிட்டு அங்கே ஏதோ கம்பி இருப்பதாக நினைத்துக்கொள்வோம். அங்கே என்ன இருக்கிறது? ஒரு செல்லில் இந்த அடக்கி சுமார் பத்துப் பிரதிதான். டிஎன்ஏவோ ஏறத்தாழ 46 லட்சம் எழுத்து நீளம். நெரிசலான அந்தச் சின்ன உடலுக்குள் அடக்கி அங்கே இங்கே முட்டி, டிஎன்ஏவைப் பிடித்துச் சற்றுத் தூரம் வழுக்கிப் போய், கழன்று, வேறு இடத்தில் ஒட்டி, சில நிமிடங்களுக்குள் தன் வாசலைக் கண்டுபிடித்துவிடுகிறது. அந்த அலைச்சல் முழுவதையும் சேர்த்துத்தான் நாம் ஒரு கோடு என்கிறோம்.

கம்பி இல்லாததற்கு ஒரு விலை உண்டு. பத்தே மூலக்கூறுகள் என்றால், எது எப்போது எங்கே முட்டும் என்பதில் அதிர்ஷ்டத்துக்குப் பெரிய பங்கு. 2000 ஜனவரியில் மைக்கேல் எலோவிட்ஸும் ஸ்டானிஸ்லாஸ் லைப்லரும் ஈ.கோலைக்குள் தாங்களே ஒரு சுற்றைக் கட்டினார்கள். மூன்று அடக்கிகள்: முதலாவது இரண்டாவதை அடக்கும், இரண்டாவது மூன்றாவதை, மூன்றாவது திரும்ப முதலாவதை. காகிதத்தில் கணக்குப் போட்டால் இது கடிகாரம் போலத் துடிக்க வேண்டும். ஒளிரும் பச்சைப் புரதம் ஒன்றை அதோடு இணைத்துவிட்டு நுண்ணோக்கியில் பார்த்தார்கள், பாக்டீரியாக்கள் நிஜமாகவே மினுக்கின! ஆனால் எல்லாம் மினுக்கவில்லை, மினுக்கியவையும் ஒழுங்காக மினுக்கவில்லை. ஒரே செல் பிளந்து உண்டான சகோதரச் செல்கள் இரண்டும் கொஞ்ச நேரத்திலேயே தாளம் தப்பின. சுற்று ஒன்றுதான், மரபணுக்களும் ஒன்றுதான், ஆனாலும் தாளம் வேறு. வரைபடம் இந்த இரைச்சலைப் பற்றி வாயே திறக்கவில்லை.

இயற்கையான சுற்றுகள் இந்த இரைச்சலோடு வாழப் பழகியவை. ஊரி ஆலனின் குழு 2002-இல் ஈ.கோலையின் மரபணு வரைபடத்தை அலசியபோது சில சின்ன வடிவங்கள், ஒன்றிலிருந்து நான்கைந்து புள்ளிகள் அளவிலானவை, தற்செயலாக வருவதைவிட மிக அதிகமாகத் திரும்பத் திரும்ப வருவதைக் கண்டார்கள். தன்னையே அடக்கிக்கொள்ளும் மரபணு அப்படி ஒன்று. அளவு மீறினால் தானே அடங்கிவிடும். இன்னொன்று முக்கோணம். அ என்பது இ-யை நேராகவும் தூண்டும், ஆ வழியாகவும் தூண்டும், இரண்டு தூண்டலும் சேர்ந்தால்தான் இ ஓடும். சுற்றி வளைத்த வேலையாகத் தெரிகிறது இல்லையா? தொலைபேசி ஒரே ஒரு மணி அடித்து நின்றுவிட்டால் எழுந்து போகாமல், தொடர்ந்து அடித்தால் மட்டும் எழுந்து போகிறவர்கள் உண்டு, இந்த முக்கோணமும் அந்த ரகம்தான். அ சட்டென்று தோன்றி மறைந்தால் ஆ சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும், இ அசையாது. அ நிலைத்து நின்றால்தான் இ கிளம்பும். அ நின்றால் இ-யும் உடனே நிற்கும். பொய்யான சமிக்ஞைக்கு ஆளையும் பொருளையும் வீணாக்காத ஒரு சுற்று, மூன்றே மரபணுவில்.

மனித மரபணு எண்ணிக்கை தெரியவந்தபோது ஏற்பட்ட ஏமாற்றமும் இங்கேதான் தீர்கிறது. புரதம் செய்யும் மரபணுக்கள் நமக்குச் சுமார் 20,000. மண்ணில் வாழும் ஒரு மில்லிமீட்டர் நீளப் புழு, சி. எலிகன்ஸ், அதற்கும் சுமார் 20,000. முன்பு லட்சத்துக்கு மேல் இருக்கும் என்றெல்லாம் மதிப்பிட்டவர்கள் இருந்தார்கள். பாகங்களின் எண்ணிக்கையை வைத்து உயிரியை அளக்க முடியாது, எது எதை எப்போது இயக்குகிறது என்பதில்தான் வித்தியாசம் ஒளிந்திருக்கிறது.

1995-இல் வால்டர் கேரிங்கின் ஆய்வகத்தில் நடந்த சோதனையை நான் யாரிடம் சொன்னாலும் முதலில் நம்ப மாட்டார்கள். பழ ஈயில் ஒரு மரபணு உண்டு, அது கெட்டுப்போனால் கண் வராது, அதனால் அதற்குக் 'கண்ணிலி' என்ற பொருளில்தான் பெயர். அந்த மரபணுவை ஈயின் காலாக, இறக்கையாக வளரப்போகும் திசுக்களில் ஓடவிட்டார்கள். காலில் கண் முளைத்தது. சிவப்பாக, சின்னச் சின்ன முகப்புகளோடு, ஈயின் கண்ணேதான். அடுத்ததாக எலியில் இதற்கு இணையான மரபணுவை எடுத்து ஈக்குள் வைத்தார்கள். அப்போதும் கண் முளைத்தது. எலிக் கண்ணா? ஈயின் கண்தான்! அந்த மரபணுவுக்குள் கண்ணின் வரைபடம் எதுவும் இல்லை, 'இங்கே கண் செய்' என்ற கட்டளை மட்டும் இருக்கிறது. எந்த மாதிரிக் கண் என்பதை அந்தக் கட்டளையைக் கேட்கும் மற்ற மரபணுக்களின் கூட்டம் முடிவு செய்கிறது. 'கண்ணுக்கான மரபணு', 'குண்டாவதற்கான மரபணு' என்று செய்தித் தலைப்புகளில் வரும்போதெல்லாம் எனக்கு அந்த ஈயின் கால்தான் நினைவுக்கு வரும்.

அப்புறம், தொடவும் செய்யாமல் கட்டளையும் இடாமல் இன்னொரு வகைக் கோடு இருக்கிறது. ஈஸ்டுக்குச் சுமார் 6,000 மரபணுக்கள். ஆய்வகத்தில் நல்ல உணவு கொடுத்து வைத்திருக்கும்போது அவற்றில் சுமார் ஆயிரத்தைத் தவிர மற்றவற்றில் எந்த ஒன்றை எடுத்தாலும் ஈஸ்ட் பிழைத்துக்கொள்ளும். அப்படியானால் மீதி எல்லாம் சும்மா இருப்பவையா? இரண்டிரண்டாக எடுத்துப் பார்த்தார்கள். 2016-இல் வெளியான ஆய்வில் சுமார் 2.3 கோடி இரட்டை நீக்கங்கள். தனித்தனியாக எடுத்தால் ஒன்றும் ஆகாத இரண்டு மரபணுக்களைச் சேர்த்து எடுத்தால் செல் செத்துவிடுவது நிறைய இடங்களில் தெரிந்தது. ஒன்று போனால் மற்றது சமாளிக்கிறது, இரண்டும் போனால் வழியில்லை. அந்த ஜோடிக்கு நடுவிலும் ஒரு கோடு போடுகிறார்கள். அந்த இரண்டு புரதங்களும் வாழ்நாளில் ஒருமுறைகூடச் சந்திக்காமல் இருக்கலாம்.

இது காகிதக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். பிஆர்சிஏ மரபணுக்கள் கெட்டுப்போனால் டிஎன்ஏவின் ஒரு வகை உடைசலைச் செல்லால் பழுதுபார்க்க முடியாது, அதனால் மார்பகம், சூலகப் புற்றுநோய் அபாயம் கூடுகிறது. அப்படி வந்த புற்றுச் செல் பார்ப் என்ற வேறொரு பழுதுநீக்கும் நொதியை நம்பிப் பிழைக்கிறது. பார்ப்பை மருந்தால் அடைத்துவிட்டால் புற்றுச் செல்லுக்கு இரண்டு வழியும் மூடிவிடும். பிஆர்சிஏ நன்றாக உள்ள மற்ற செல்கள் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். 2005-இல் இதை ஆய்வகத்தில் காட்டினார்கள், 2014-இல் ஒலாபரிப் என்ற மருந்தாக அனுமதி கிடைத்தது.

ஒன்றொன்றாக எடுத்துப் பார்க்கும் முறை எவ்வளவு தூரம் போகும் என்பதைச் சோதிக்க எரிக் ஜோனாஸும் கான்ராட் கோர்டிங்கும் 2017-இல் ஒரு குறும்பு செய்தார்கள். முற்றிலும் புரிந்த ஒரு பொருளை, பழைய கணினிச் சில்லு ஒன்றை, புரியாதது போல வைத்துக்கொண்டு, மூளை ஆய்வில் பயன்படுத்தும் முறைகளால் அலசினார்கள். 3,510 டிரான்சிஸ்டர்கள் கொண்ட 6502 சில்லு. கணினி மாதிரியில் ஒவ்வொரு டிரான்சிஸ்டராகச் செயலிழக்கச் செய்து, மூன்று வீடியோ விளையாட்டுகள் ஓடுகின்றனவா என்று பார்த்தார்கள். சில டிரான்சிஸ்டர்களை எடுத்தால் ஒரு விளையாட்டு மட்டும் நின்றது, மற்ற இரண்டும் ஓடின. ஆகவே இது 'அந்த விளையாட்டுக்கான டிரான்சிஸ்டர்' என்று முடிவு கட்டலாமா? சில்லு படித்த எவரும் சிரிப்பார்கள். ஆனால் அதே தர்க்கத்தை மரபணுவுக்கும் மூளையின் பகுதிக்கும் சொல்லும்போது நாம் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறோம்.

நரம்புக்கு வந்தால், அப்பாடா, கம்பி மறுபடி வந்துவிட்டது என்று நிம்மதியாக இருக்கும். வந்ததுதான், ஆனால் சண்டையோடு வந்தது. 1873-இல் இத்தாலியின் கமில்லோ கோல்ஜி வெள்ளி உப்பால் நரம்புத் திசுவுக்குச் சாயம் ஏற்றும் முறையைக் கண்டார். நூற்றில் சில நரம்பணுக்கள் மட்டும் வேர் முதல் நுனி வரை கருப்பாகத் தெரியும், மற்றவை மறைந்துவிடும். எல்லாமே கறுத்திருந்தால் இருட்டைத்தான் பார்த்திருப்போம். அதைப் பார்த்த கோல்ஜி, மூளை முழுவதும் இடைவெளியே இல்லாத ஒற்றை வலை என்றார். ஸ்பெயினின் சாந்தியாகோ ரமோன் இ கஹால் அதே சாயத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் தனிச் செல், நுனிகள் நெருங்கி வருகின்றன, ஒட்டுவதில்லை என்றார். 1906-இல் நோபல் பரிசை இருவருக்கும் பகிர்ந்து கொடுத்தார்கள். மேடையிலேயே கோல்ஜி மற்றவரின் கொள்கையைத் தாக்கிப் பேசினார். 1950-களில் எலக்ட்ரான் நுண்ணோக்கி அந்த இடைவெளியைக் காட்டியது, சுமார் 20 நானோமீட்டர். கஹால் ஜெயித்தார். ஆனாலும் சில நரம்பணுக்கள் நேரடித் துளைகளால் ஒன்றோடொன்று இணைந்து மின்னோட்டத்தை அப்படியே கடத்துகின்றன என்பது பிறகு தெரியவந்தது, கோல்ஜிக்கு ஒரு ஆறுதல் பரிசு மாதிரி.

இப்போது அந்தக் கம்பிகளை வரைவதில் நாம் அசாத்திய தூரம் வந்துவிட்டோம். 2024 அக்டோபரில் வளர்ந்த பழ ஈயின் முழு மூளை வரைபடம் வெளியானது: 1,39,255 நரம்பணுக்கள், 5 கோடிக்கும் மேற்பட்ட இணைப்புகள். மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள், அது வேறு கதை.

ஆனால் வரைபடம் கையில் கிடைத்தால் என்ன புரியும் என்பதற்கு நண்டின் வயிற்றைத்தான் கேட்க வேண்டும். நண்டு, சிங்கி இறால் இவற்றின் வயிற்றில் இரையை அரைக்கும் தாளத்தை உண்டாக்குவது சுமார் 30 நரம்பணுக்கள் கொண்ட ஒரு முடிச்சு. யார் யாரோடு இணைந்திருக்கிறார்கள் என்பது பல பத்தாண்டுகளாகத் தெரியும். ஈவ் மார்டர் தன் ஆய்வு வாழ்க்கையின் பெரும்பகுதியை இந்த முடிச்சோடு கழித்திருக்கிறார். முடிச்சைத் தனியாக எடுத்துக் கிண்ணத்தில் வைத்தாலும் தாளம் தொடரும். அதன்மேல் ஒரு வேதிப்பொருளை ஊற்றினால் தாளம் மாறும், வேறொன்றை ஊற்றினால் வேறு தாளம். சில நரம்பணுக்கள் ஒரு குழுவை விட்டுவிட்டு இன்னொரு குழுவோடு சேர்ந்து துடிக்கவே தொடங்கிவிடும். கம்பி ஒன்றுகூட மாறவில்லை! 2004-இல் மார்டரின் குழு இதைத் தலைகீழாகவும் காட்டியது. இந்தச் சுற்றின் கணினி மாதிரியை 2 கோடிக்கும் மேற்பட்ட விதங்களில் இணைப்புகளின் வலுவை மாற்றி மாற்றி ஓட்டினார்கள். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத வலுக்களோடு ஏறத்தாழ ஒரே தாளத்தைத் தரும் சுற்றுகள் லட்சக்கணக்கில் கிடைத்தன. ஒரே வரைபடம் பல தாளம் தரும், பல வரைபடம் ஒரே தாளம் தரும்.

கடைசியாக அந்தப் புழுவுக்கே வருவோம். சி. எலிகன்ஸில் 302 நரம்பணுக்கள்தான். ஜான் வைட், சிட்னி பிரென்னர் குழுவினர் புழுவை மெல்லிய சீவல்களாகச் சீவி, எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படமெடுத்து, ஒவ்வொரு இழையையும் படத்துக்குப் படம் கையால் பின்தொடர்ந்து, பத்தாண்டுகளுக்கு மேல் உழைத்து 1986-இல் முழு வரைபடத்தையும் வெளியிட்டார்கள். 340 பக்கம். ஒரு உயிரியின் நரம்பு மண்டலம் கிட்டத்தட்ட முழுவதும் காகிதத்தில் வந்தது அதுதான் முதல்முறை. இத்தனை வருடமாகியும் அதை வைத்து இந்தப் புழு அடுத்த நொடி எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடிந்ததில்லை.

ஏன் என்பதற்கு ஒரு பகுதி விடை 2023-இல் வந்தது. பிரின்ஸ்டனில் ஆண்ட்ரூ லைஃபரின் குழு புழுவின் தலையில் உள்ள நரம்பணுக்களை ஒளியால் ஒவ்வொன்றாகத் தட்டிவிட்டு, மற்றவற்றில் எது எது அசைகிறது என்று அளந்தது. இப்படி அளந்த ஜோடிகள் 23,433. 1986 வரைபடத்தை வைத்துக் கணித்ததற்கும் இதற்கும் நிறைய இடங்களில் ஒத்துவரவில்லை. காரணங்களில் ஒன்று, நரம்பணுக்கள் இணைப்பு வழியாக மட்டும் பேசுவதில்லை. நியூரோபெப்டைடு என்ற சிறு புரதத் துண்டுகளைச் சுற்றுப்புறத்தில் கசியவிடுகின்றன, அதைக் கேட்கும் ஏற்பி எங்கே இருக்கிறதோ அங்கே செய்தி போய்ச் சேர்கிறது, ஈ.கோலைக்குள் அலையும் அந்த அடக்கி மாதிரியே. புழுவில் ஆர்ஐடி என்று ஒற்றை நரம்பணு இருக்கிறது. அதைத் தட்டினால் யூஆர்எக்ஸ் என்ற இன்னொன்று பதில் சொல்கிறது; பெப்டைடு வெளியேறும் வழி கெட்டுப்போன புழுவில் அந்தப் பதில் அப்படி வருவதில்லை. 1986 வரைபடத்தில் அந்த இரண்டுக்கும் நடுவே நேர்க்கோடு எதுவும் இல்லை, வெறும் வெள்ளைத் தாள்தான்.